உரைகல்லில் தேய்ந்த குதிரைப் பல்

என் வீட்டுக்காரர் அபுதாபியிலிருந்து கொண்டுவந்த சாமான்களில் இன்று ஒன்றுகூட மிச்சமில்லை. போர்வைகள் நைந்துவிட்டன. டேப் ரிக்கார்டரைப் பழைய இரும்புக்காரனிடம் போட்டோம். செண்டு புட்டிகள் காலியான பிறகும் கொஞ்ச நாள் அலமாரியில் வாசனை விட்டுக்கொண்டிருந்தன, பிறகு அதுவும் நின்றது. ஆனால் எங்கள் கையை விட்டுத் திரும்பிப் போன ஒரு பொருளை மட்டும் கண்ணை மூடினால் இப்போதும் பார்க்க முடிகிறது. சுண்டுவிரல் நீளம், கட்டைவிரல் கனம், நாலு பக்கமும் பட்டை, வறுத்த புளியங்கொட்டையின் நிறம். அது ஒரு குதிரையின் கடைவாய்ப் பல். இப்போது உலகத்தில் எங்குமே இல்லாத, அந்த இனமே அற்றுப்போன ஒரு குதிரையின் பல்.

எங்களுக்கு நன்னிலத்துக்குப் பக்கத்தில் ஒரு கிராமம். ஐந்தாம் வகுப்போடு என் படிப்பு நின்றது. வெளிநாட்டில் இருப்பவரைக் கட்டிக்கொண்டதால் கடிதம் எழுதி எழுதிக் கை பழகிவிட்டது. நேரில் பேசுவதுதான் வராது. நாலு பேர் இருக்கும் இடத்தில் யாராவது எதையாவது கேட்டால் தலையை ஆட்டிவிடுவேன். ஆமாம் என்பதற்கும் அதே ஆட்டல், தெரியாது என்பதற்கும் அதே ஆட்டல். அவரவர் தோதுப்படி எடுத்துக்கொள்வார்கள். அப்படி ஆட்டிய ஒரு ஆட்டலால் வந்த வினையைத்தான் எழுதுகிறேன்.

அவர் சமையல்காரர். முதலில் நம்ம பக்கத்துக் கல்யாணங்களுக்குத் தேக்சா தேக்சாவாகப் பிரியாணி இறக்கிக்கொண்டிருந்தார். வீட்டுக்கு ஒருவர் சபர் என்று வெளிநாட்டுக்குப் போகத் தொடங்கியபோது அவரும் போனார். அபுதாபிக்கு மேற்கே, கடலுக்கும் பாலைவனத்துக்கும் நடுவில், எண்ணெய்க் கம்பெனி ஆட்கள் தங்கும் கொட்டகைகளில் சமையல். குளிர்காலத்தில் மட்டும் சில வாரங்களுக்கு எலும்பு தேடுகிற ஒரு கூட்டம் அங்கே வந்து கூடாரம் போடும். அவர்களுக்குச் சமைக்கக் கம்பெனி இவரை அனுப்பிவைக்கும். முதல் வருஷம் அவர் எழுதினார்: "நான் இப்போது மண்ணுக்குள் எலும்பு பொறுக்குகிறவர்களுக்குச் சோறு ஆக்குகிறேன். இந்த மணலில் ஒரு காலத்தில் ஆறு ஓடியதாம், யானை இருந்ததாம்." நான் பதில் எழுதினேன்: "அங்கு வெயில் அதிகமா? தலைக்கு எண்ணெய் வைத்துக்கொள்ளுங்கள்."

அதற்குப் பிறகு அவர் அதைப் பற்றி அதிகம் எழுதவில்லை.

ஒரு மாசி மாதம் லீவில் வந்தார். சம்பா அறுத்து முடிந்து வயலெல்லாம் உளுந்து முளைத்திருந்த சமயம். கடைத்தெருவில் எஸ்.டி.டி. பூத் புதிதாகத் திறந்திருந்தார்கள். பாதித் தெருவில் ஓட்டைப் பிரித்து மாடி எழுப்பிக்கொண்டிருந்தார்கள். வந்த அன்று மாலை பெட்டி திறப்பு.

சபராளி வீட்டில் பெட்டி திறப்பதற்கென்று எங்கள் தெருவில் ஒரு முறை இருந்தது. ஆண்பிள்ளை பக்கத்தில் இருக்கக்கூடாது. இருந்தால் இவளுக்கு இது, அவளுக்கு அது என்று நீட்டிக் கெட்ட பெயர் வாங்குவார் என்று அவரை வெளியே அனுப்பிவிடுவார்கள். அவருடன் பிறந்தவள் ஒவ்வொன்றாக எடுக்க வேண்டும், பெண்டாட்டி வாங்கி உரியவர் கையில் கொடுக்க வேண்டும். பெட்டிக்குள் வந்த எதையும் 'இது யாருக்கும் இல்லை' என்று ஓரம் கட்டக்கூடாது. வந்ததெல்லாம் யாருக்கோ வந்ததுதான். கொடுத்ததைத் திரும்பக் கேட்பது என்ற பேச்சே கிடையாது. அப்படிக் கேட்ட வீட்டைப் பற்றித் தெரு பல வருஷம் பேசும்.

அவருடைய அக்காவை எல்லாரும் லாத்தா என்றுதான் கூப்பிடுவோம். குடவாசலில் வாழ்க்கைப்பட்டவர். குரல் பெரியது, கை அதைவிடப் பெரியது. அவர் மகளுக்குப் பெண் குழந்தை பிறந்து நாற்பது நாள்கூட ஆகவில்லை. பெட்டி திறக்கிறது என்று தெரிந்ததும் பஸ் ஏறி வந்துவிட்டார். நைலான் புடவை, சோப்பு, தைலம், டார்ச் லைட்டு, பாதாம் பருப்பு என்று எல்லாம் எடுத்துக் கொடுத்த பிறகு, பெட்டியின் மூலையில் சாம்பல் நிறக் காலுறை ஒன்று முடிச்சுப் போட்டுக் கிடந்தது. லாத்தா அவிழ்த்து உள்ளங்கையில் கவிழ்த்தார்.

"இது என்னடி, காலொறைக்குள்ள கட்டி வச்சிருக்கான்? கல்லா?"

"கல்லு மாதிரி தெரியல லாத்தா. ஜாதிக்கா மாதிரி ஏதோ மருந்துச் சரக்கு," என்றார் பக்கத்து வீட்டம்மா.

லாத்தா அதை முகர்ந்து பார்த்தார். நகத்தால் சுரண்டிப் பார்த்தார். "அரபு நாட்டு ஒரமருந்தா இருக்கும். ஏம்மா, புள்ளைக்கு ஒரசிக் குடுக்கவா கொண்டாந்திருக்கான்?"

அத்தனை பெண்களும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். எனக்கு எதுவும் தெரியாது. தலையை ஆட்டினேன்.

"பார்த்தீங்களா என் தம்பிய! வாயத் தொறந்து ஒரு வார்த்த சொல்ல மாட்டான். எம் பேத்திக்குன்னு காலொறைக்குள்ள மறச்சுக் கொண்டாந்திருக்கான்." லாத்தாவுக்குக் கண் கலங்கிவிட்டது. அதை முந்தானையில் முடிந்துகொண்டார்.

மறுநாள் காலை டீ குடிக்கும்போது அவர் கேட்டார். "சாம்பக் கலர் காலொறை ஒண்ணு இருந்துச்சே, பார்த்தியா?"

"பார்த்தேன்."

"அதுக்குள்ள இருந்தது பத்திரமா இருக்கா?"

"இருக்குங்க."

பத்திரமாகத்தான் இருக்கிறது, குடவாசலில் இருக்கிறது. அந்தப் பாதியை நான் சொல்லவில்லை. அது என்ன என்று அவரே சொல்லட்டும் என்று இருந்தேன். அவர் டம்ளரைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார்.

"குதிரைப் பல்லு அது. நம்ம ஊரு குதிரை இல்ல. இப்ப உள்ள குதிரைக்குக் காலுக்கு ஒரே கொளம்பு. அதுக்கு மூணாம். நடுவுல பெருசா ஒண்ணு, அதுதான் தரையில படும். ரெண்டு பக்கமும் சின்னதா ஒண்ணொண்ணு தொங்கும். மட்டக்குதிரை உசரம்தான் இருக்குமாம். அது செத்து எத்தனையோ லட்சம் வருஷம் ஆச்சு, பல்லெல்லாம் கல்லாவே போயிடுச்சு. முன்னாடி ஒண்ணு கெடைச்சப்ப படத்துல வரைஞ்சு காட்டுனாங்க, அதே சாடைதான் இது."

"அத எதுக்குங்க நீங்க கொண்டாந்தீங்க?"

"அசர் தொழுதுகிட்டு இருந்தேன், கூடாரத்துக்குப் பின்னால ஒரு மேட்டுல. சஜ்தாவுல நெத்திய வைக்கப் போறேன், மூக்குக்கு நேரா மணல்ல நட்டுக்கிட்டு நிக்குது. தொழுது முடிச்சு எடுத்தேன். அவங்க சட்டம் என்னன்னா, எது கெடைச்சாலும் எடுக்கக் கூடாது. கெடந்த எடத்துல ஒரு கொடியக் குத்திட்டு டாக்டரம்மாவக் கூப்பிடணும். நான் கூப்பிடல. சாயங்காலம் சொல்லிக்கலாம்னு சட்டைப் பையில போட்டேன். சாயங்காலம் உன் ஞாபகம் வந்துச்சு. நீதான் நம்பவே இல்லையே, எண்ணெய் வைக்கச் சொல்லி எழுதுனவ. உன் கையில வச்சுக் காட்டணும்னு ஒரு ஆசை. அப்படியே வந்துட்டேன்."

டாக்டரம்மா என்று அவர் சொன்னது அந்தக் கூட்டத்துக்குத் தலைவியாக இருந்த வெள்ளைக்கார அம்மாவை. வைத்தியம் பார்க்கிற டாக்டர் இல்லை, படித்து வாங்கிய பட்டம்.

"நாலு குளிர்காலமா அந்தம்மா சாமான் வைக்கிற பெட்டிச் சாவிய எங்கிட்ட விட்டுட்டுப் போவாங்க. வேற யாருகிட்டயும் குடுக்க மாட்டாங்க. நான் இப்படிப் பண்ணிட்டேன். இது அமானிதம். நம்மகிட்ட இருக்கு, ஆனா நம்மளது இல்ல. திரும்பக் கொண்டுபோயி அவங்க கையில குடுத்து மாப்பு கேக்குற வரைக்கும் எனக்கு மனசு ஆறாது." பிறகு சிரித்தார். "சரி, எடுத்துக்கிட்டு வா. உன் கையில வச்சுப் பார்ப்போம்."

"பீரோவுல துணிக்கு அடியில இருக்குங்க. இப்பக் கலைச்சா எல்லாத்தையும் மடிக்கணும்."

அவர் நம்பினார். அவர் திரும்பிப் போக ஆறு வாரம் இருந்தது.

அந்த ஆறு வாரத்தில் முதல் மூன்று வாரம் நான் செய்தது ஒன்றுமில்லை. ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் அவர் கேட்பார், நானும் ஏதாவது சொல்வேன். பீரோச் சாவி மாட்டிக்கொண்டது என்றேன். கரப்பான் மருந்து வைத்திருக்கிறேன், இன்று திறக்கக்கூடாது என்றேன். இவ்வளவு பொய் எனக்குள் இருந்ததா என்று எனக்கே ஆச்சரியம். லாத்தாவிடம் கேட்பதைவிட அவரிடம் பொய் சொல்வது சுலபமாக இருந்தது.

இதற்கு நடுவில் லாத்தா எங்கள் இரண்டு பேரையும் விருந்துக்குக் கூப்பிட்டார். போகாமல் இருக்க முடியுமா? கூடத்தில் சகன் தட்டில் சோறு வைத்து அவர் உட்கார்ந்திருக்கிறார், நான் தண்ணீர்ச் சொம்போடு நிற்கிறேன். லாத்தா கறியை எடுத்து வைத்துக்கொண்டே ஆரம்பித்தார்.

"தம்பி, நீ கொண்டாந்த மருந்து என்னமா கேக்குதுங்கிறே! வயித்துப் பொருமல்ங்கிற பேச்சே இல்ல."

அவர் தைலத்தை நினைத்துக்கொண்டார். "அங்க எல்லாரும் அதான் போடுவாங்க லாத்தா. லேசா சூடு பறக்கத் தேய்ச்சு விடுங்க."

"தேய்க்கிறதா? நாங்க ஒரசில்ல குடுக்குறோம்!"

"ஒரசியா?" என்று அவர் கை சோற்றில் நின்றது.

என் கையிலிருந்த சொம்பு நழுவியது. நானாக நழுவ விட்டேனா, அதுவாக நழுவியதா, இன்றுவரை எனக்குத் தெரியாது. கூடம் முழுக்கத் தண்ணீர். லாத்தா துடைக்கத் துணி தேடிக்கொண்டே, "வீட்டுல இருபது வார்த்த பேசுனா ஒரு சொம்பக் கையில புடிக்கலாம்மா, ஊமையா இருந்தா கைகூட ஒழுங்கா வேலை செய்யாது," என்றார். பேச்சு அதோடு மாறிவிட்டது. உள்ளே தொட்டில் பக்கம் போனேன். குழந்தை கொழுகொழுவென்று கிடந்தாள். தொட்டிலுக்குக் கீழே உரைகல், அதன் மேல் ஜாதிக்காய், மாசிக்காய், கடுக்காய், அவற்றுக்குப் பக்கத்தில் அதே இனம் போல இந்தப் பல். தாய்ப்பாலில் உரசி உரசி அதன் முனை ஈரமாகப் பளபளத்தது. எடுத்துக்கொண்டு போய்விடலாம். கை நீட்டவும் செய்தேன். ஆனால் சொல்லாமல் எடுத்ததால்தான் அவர் மனசு கெட்டுக் கிடக்கிறது. அதையே நானும் செய்தால் எப்படி? கையை இழுத்துக்கொண்டேன்.

அவர் கிளம்ப ஐந்து நாள் இருந்தபோது, ஆஸ்பத்திரிக்குப் போகிறேன் என்று சொல்லிவிட்டு நான் தனியாகக் குடவாசல் பஸ் ஏறினேன். அதற்கு முன் நான் தனியாக பஸ் ஏறியதில்லை. டிக்கெட் கேட்கத் தெரியாமல் கண்டக்டரிடமும் தலையைத்தான் ஆட்டினேன். அவர் எதிர்பார்த்துக்கொண்டே நின்றார். பிறகு "குடவாசல்" என்று சொன்னேன். அந்த ஒரு வார்த்தை வந்ததும் இனி மற்றதும் வரும் என்று தோன்றியது.

லாத்தா அடுப்படியில் கத்தரிக்காய் அரிந்துகொண்டிருந்தார். மகள் குழந்தையோடு உள்ளே தூங்கிக்கொண்டிருந்தாள். வேறு யாரும் இல்லை. நான் உட்காரக்கூட இல்லை.

"லாத்தா, அந்த மருந்தத் திருப்பித் தரணும்."

"எந்த மருந்த?"

"காலொறையில இருந்தத."

அரிவாள்மணை நின்றது. "பெட்டியில வந்தத கேக்குறியா? என் தம்பி கேக்கச் சொன்னானா?"

"அவருக்குத் தெரியாது."

"அப்ப நீயாத்தான் வந்திருக்கே. புள்ளையா குட்டியா, உனக்கு எதுக்கும்மா ஒரமருந்து?"

எங்களுக்குப் பிள்ளை இல்லை. லாத்தா அதைக் குத்திக்காட்ட நினைத்தவர் இல்லை. வாயில் வந்துவிட்டது. சொன்ன உடனே அவர் பார்வை கத்தரிக்காய்க்குப் போய்விட்டது. அந்தப் பேச்சு வந்தால் நான் எப்போதும் எழுந்து வெளியே வந்துவிடுவேன். அன்று அப்படியே உட்கார்ந்தேன்.

"அது மருந்து இல்ல லாத்தா. குதிரைப் பல்லு."

"என்னது?"

"குதிரைப் பல்லு. செத்து ரொம்ப நாளாச்சு."

"எத்தன நாளாச்சு?"

"அவரு லட்சக்கணக்குல வருஷம் சொன்னாரு."

லாத்தா வாயில் கை வைத்துக்கொண்டார். "லட்சக்கணக்குலயா? அப்பக் கெட்டுப் போயிருக்குமேடி!"

"கல்லாயிடுச்சாம். கெடாதாம்."

"நான் கேட்டப்ப நீதானே தலையாட்டுனே?"

"ஆட்டுனேன். தெரியாதுன்னுதான் ஆட்டுனேன்."

"தெரியாதுங்கிறதுக்கு மேலயும் கீழயுமாவா ஆட்டுவாங்க?" என்று எழுந்தவர், அப்படியே நின்று விரல் விட்டு எண்ண ஆரம்பித்தார். "எதுத்த வீட்டுப் புள்ளைக்குக் குடுத்தேன். தையக்காரர் வீட்டு ரெட்டப் புள்ளைங்களுக்குக் குடுத்தேன். மூலை வீட்டுக்கு ரெண்டு நாள் எரவல் குடுத்தேன், அங்க ரெண்டு. அல்லாவே, பள்ளிவாசல்ல தொழ வைக்கிற அசரத்து வீட்டுக்கே நானாக் கொண்டுபோயி ஒரசிக் குடுத்தேனே! அரபு மருந்துன்னு அவரு பிஸ்மி சொல்லி வாங்குனாரே!"

"புள்ளைங்கெல்லாம் நல்லாத்தானே இருக்குதுங்க லாத்தா?"

அவர் அப்படியே உள்ளே ஓடினார். தூங்குகிற பேத்தியின் வாயை விரலால் திறந்து பார்த்தார், வயிற்றைத் தொட்டுப் பார்த்தார், பாதத்தைத் திருப்பிப் பார்த்தார். பாதத்தில் என்ன பார்த்தார் என்று நான் கேட்கவில்லை. குழந்தை அழுதது. நல்ல பலமான அழுகை. லாத்தா மூச்சு விட்டார்.

என் வீட்டுக்காரர் சொன்னதை எல்லாம் நான் சொன்னேன். டாக்டரம்மா, சாவி, கொடி, சஜ்தா, அமானிதம். என் வாழ்நாளில் லாத்தா இடையில் பேசாமல் நான் பேசியது அதுதான் முதல் தடவை. அமானிதம் என்று சொன்னதும் லாத்தா உரைகல்லிலிருந்து பல்லை எடுத்து, கழுவி, துடைத்து, தன் முந்தானையிலேயே ஒற்றி என் கையில் வைத்தார்.

"என் தம்பி மனசு கெட்டு நிக்கக் கூடாது. எடுத்துக்கிட்டுப் போ. மருந்து தேய்ஞ்சு தீந்துபோச்சுன்னு தெருவுல சொல்லிக்கிறேன். ஆனா ஒண்ணு. குதிரைங்கிற வார்த்த இந்தத் தெருவுல உன் வாயிலேருந்து வந்துச்சு, அப்புறம் நான் மனுசியா இருக்க மாட்டேன்."

"என் வாயிலேருந்து என்னைக்கு லாத்தா வார்த்த வந்திருக்கு?" என்றேன். அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

லாத்தா மௌத்தாகும் வரை அந்த வாக்கைக் காப்பாற்றினேன். அந்தப் பேத்தி வளர்ந்து தெருவில் ஓடும்போதெல்லாம் லாத்தா என்னைப் பார்ப்பார், நான் அவரைப் பார்ப்பேன், இரண்டு பேரும் வேறு பக்கம் திரும்பிக்கொள்வோம். இப்போது அவள் சென்னையில் வேலையில் இருக்கிறாள். போன பெருநாளைக்கு வந்தபோது அவளிடம் சொன்னேன். அவள்தான் இதை எழுதச் சொன்னது.

திரும்பி வரும்போது பஸ்ஸில் ஜன்னல் ஓரம் இடம் கிடைத்தது. முந்தானை முடிச்சை அவிழ்த்து அப்போதுதான் அந்தப் பல்லை முதல் முதலாக நன்றாகப் பார்த்தேன். பெட்டி திறந்த அன்று ஒரு முனை முழுக்க மண் ஒட்டி இறுகிப்போயிருந்தது. அந்த முனையைத்தான் உரசியிருக்கிறார்கள். மண் போய், ஒரு நெல் மணி அளவுக்குத் தேய்ந்து, கண்ணாடி மாதிரி ஆகியிருந்தது. அதில் கோடு. வாய்க்கால் வளைந்து வளைந்து போவது போல வெள்ளைக் கோடு, மடிப்பு மடிப்பாக. ஓரத்தில் மட்டும் அந்தக் கோட்டோடு சேராமல் சின்னதாக ஒரு நீள வட்டம். அழகாக இருந்தது. ஆனால் அவர் எடுத்ததைவிடக் குறைவாகத்தான் திருப்பிக் கொடுக்கப் போகிறார் என்று நினைத்ததும் மறுபடி முந்தானையில் முடிந்துகொண்டேன்.

அன்று அசருக்குப் பிறகு அவர் உள்ளங்கையில் வைத்து எல்லாவற்றையும் சொன்னேன். அவர் தேய்ந்த முனையைத் தடவிக்கொண்டே இருந்தார். திட்டப் போகிறார் என்று நினைத்தேன்.

"அசரத்து வீட்டுக்குமா?" என்றார்.

"ஆமாங்க."

அவர் சிரிக்க ஆரம்பித்தார். கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். சிரித்து முடித்ததும் பழையபடி முகம் வாடிவிட்டது. "கொறைஞ்சு போயிருக்கு. இருக்கட்டும், நடந்ததச் சொல்லித்தான் குடுக்கணும். சாவிய வாங்கிக்கிட்டாங்கன்னா வாங்கிக்கட்டும்." அதே சாம்பல் நிறக் காலுறையில் முடிந்து எடுத்துக்கொண்டு போனார்.

டாக்டரம்மா கூட்டம் குளிர்காலத்தில்தான் வரும். சித்திரை போய், ஆடி போனது. அந்த வருஷம் மேட்டூர்த் தண்ணீர் வருமா வராதா என்று ஊரே வானத்தையும் வாய்க்காலையும் பார்த்துக்கொண்டிருந்தது. நான் தபால்காரரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் கடிதங்களில் பல்லைப் பற்றி ஒரு வரியும் இல்லை. தை பிறந்த பிறகு, லீவில் வந்த பக்கத்து ஊர்க்காரர் ஒரு கேசட் கொண்டுவந்து கொடுத்தார். அப்போதெல்லாம் சபராளிகள் குரலைப் பதிவுசெய்து அனுப்புவார்கள். ஒரு வீட்டுக்குக் கேசட் வந்தால் தெருவே வந்து உட்காரும். சேதி எப்படியோ போய், லாத்தாவும் பேத்தியை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்துவிட்டார்.

எட்டுப் பத்துப் பெண்கள். டேப்பை நடுக்கூடத்தில் வைத்தோம். முதலில் காற்றுச் சத்தம், அடுப்புச் சத்தம். பிறகு அவர் குரல். சலாம் சொன்னார். மாமி நலமா, மூட்டு வலி எப்படி, எதிர்வீட்டு மாடி முடிந்ததா என்று ஒவ்வொருவரையும் கேட்டார். கேட்கப்பட்டவர்கள் எல்லாம் டேப்புக்குப் பதில் சொன்னார்கள்.

"அப்புறம், அந்தக் குதிரைப்…"

டக்கென்று ஒரு கை பட்டனை அமுக்கியது. லாத்தாவின் கை. இடுப்பிலிருந்த குழந்தை என் மடியில் எப்படி வந்தது என்று தெரியவில்லை.

"டேப்பு சிக்கிக்கிச்சு," என்றார் லாத்தா.

"நல்லாத்தானே பாடிக்கிட்டிருந்துச்சு?" என்றாள் ஒருத்தி.

"உனக்குத் தெரியுமா, எனக்குத் தெரியுமா? எங்க வீட்டுல இதே மாதிரி நாலு டேப்பு அறுந்திருக்கு. ஒரு மணி நேரம் ஆறட்டும். எல்லாரும் போயி ஒலையப் பாருங்க."

எல்லாரும் முணுமுணுத்துக்கொண்டு போனார்கள். லாத்தா கதவைச் சாத்தினார். இரண்டு பேரும் டேப்புக்குப் பக்கத்தில் தலையோடு தலை ஒட்டி உட்கார்ந்தோம். சத்தத்தைக் குறைத்து வைத்து அமுக்கினேன்.

"…பல்லு விஷயம். டாக்டரம்மா கையில குடுத்துட்டேன். தலையக் குனிஞ்சு நின்னு மாப்பு கேட்டேன். கோவிச்சுக்கிட்டாங்க. ஒரு நாள் பூரா எங்கிட்டப் பேசல. மறுநாள் வந்து, எங்க எடுத்தேன்னு கேட்டாங்க. நான் தொழுத எடம் எனக்கு மறக்குமா? கூட்டிக்கிட்டுப் போயி, கிப்லாவப் பார்த்து நின்னு, குனிஞ்சு, நெத்தி வைக்கிற எடத்துல கைய வச்சேன். அங்க கொடி குத்துனாங்க. ரெண்டு நாள் பிரஷ்ஷால மண்ணக் கூட்டுனாங்க. இன்னும் மூணு பல்லும் ஒரு காலெலும்பும் கெடைச்சிருக்கு."

லாத்தா என் முழங்காலைப் பிடித்துக்கொண்டார்.

"அப்புறம் கேட்டாங்க, யாரு இத இவ்வளவு சுத்தமாத் தேய்ச்சதுன்னு. புள்ளைங்களுக்கு மருந்துன்னு ஒரசிக் குடுத்துட்டாங்கன்னு சொன்னேன். நான் சிரிப்பாங்கன்னு பார்த்தா சிரிக்கல. எத்தன புள்ளைங்கன்னு கேட்டாங்க. ஏழுன்னேன். நோட்டுல எழுதிக்கிட்டாங்க."

"நோட்டுலயா?" என்றார் லாத்தா. "ஊர் பேரு எழுதுனாங்களான்னு சொல்றானா பாரு."

ஊர் பெயரை அவர் சொல்லவில்லை. "மண்ணு மூடி இருந்தப்ப அது எந்தக் குதிரைப் பல்லுன்னு சட்டுனு சொல்லியிருக்க முடியாதாம். தேய்ஞ்ச மொனையில கோடு தெளிவாத் தெரியுது. ஓரத்துல ஒரு வட்டம் தனியா நிக்குது இல்ல? இப்ப உள்ள குதிரைக்கு மேல் தாடைப் பல்லுல அது மத்த கோட்டோட ஒட்டிக்கிட்டு இருக்குமாம். இதுல ஒட்டாம நிக்குது. அத வச்சுத்தான் இது அந்தக் குதிரைன்னு சொல்றாங்க. பேரு ஹிப்பாரியன். லாத்தா ஒரசலைன்னா இவ்வளவு நல்லாத் தெரிஞ்சிருக்காது. கூட்டத்துல சேராம ஓரமா நிக்குதேன்னு அந்த வட்டத்தப் பார்த்தப்ப எனக்கு உன் ஞாபகம்தான் வந்துச்சு."

"குதிரைப் பல்லப் பார்த்து பொண்டாட்டி ஞாபகம் வந்துச்சாம்," என்றார் லாத்தா. ஆனால் முகமெல்லாம் பூரிப்பு, தான் உரசியதைத் தம்பி மெச்சிவிட்டானே என்று.

"சாவிய எங்கிட்டத்தான் குடுத்துட்டுப் போயிருக்காங்க," என்று டேப்பில் அவர் சொன்னார். பின்னால் யாரோ சோற்றுக்குக் கூப்பிட்டார்கள். இருங்க வர்றேன் என்று அவர் ஹிந்தியில் சொல்லிவிட்டு மறுபடி எங்களிடம் பேசினார். "இங்க ஓடுன ஆறு பெரிய ஆறாம். மெதுவா, பரந்து, நம்ம பக்கம் மாதிரியே. அந்தக் குதிரைங்க கரையில புல்லு மேயுமாம். தண்ணியில முதலை, ஆமை, கெளுத்தி மீனு எல்லாம் இருந்துச்சாம். இப்ப நான் நிக்கிற எடத்துல ஒரு புல்லு இல்ல."

டேப் கொஞ்ச நேரம் வெறும் காற்றாக ஓடியது. அந்த வருஷம் தண்ணீர் பிந்தித்தான் வந்திருந்தது, ஆனாலும் வந்துவிட்டது. எங்கள் கொல்லைக்குப் பின்னால் சம்பா கதிர் சாய்ந்து நின்றது.

"அவ்வளவு பெரிய ஆறு எங்கடி போச்சு?" என்று லாத்தா கேட்டார்.

எனக்குத் தலை ஆடத் தொடங்கியது. நிறுத்திக்கொண்டேன்.

"தெரியாது லாத்தா," என்றேன். "அவரு வந்ததும் கேப்போம்."

லாத்தா என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டுக் குழந்தையை என் மடியில் சரியாகத் தூக்கி உட்காரவைத்தார். வெளியே யாரோ, டேப்பு ஆறிவிட்டதா என்று கதவைத் தட்டினார்கள்.

"இன்னும் இல்ல," என்று உரக்கச் சொன்னார் லாத்தா. பிறகு என் காதோடு, "திருப்பிப் போடு. அந்த நான் ஒரசுன எடத்துலேருந்து."